பூம்பாறைக் குளிரில் 30 சதவீதத்திலேயே அணைந்துபோகும் மடிக்கணினி

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். பூம்பாறையில் வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறீர்கள். மடிக்கணினி வாங்கி இரண்டரை ஆண்டு ஆகிறது. எப்போதும் சார்ஜரில் செருகியேதான் இருக்கும். மார்கழி, தை மாதக் காலைகளில் மின்சாரம் போனால், பேட்டரி 30 சதவீதம் இருப்பதாகக் காட்டும்போதே கணினி பட்டென்று அணைந்துவிடுகிறது. அதே பேட்டரி மதியத்தில் ஒழுங்காக ஓடுகிறது. வாரம் ஒருமுறை பூஜ்யம் வரை இறக்கி ஏற்றச் சொல்கிறார் மதுரையில் இருக்கும் உங்கள் அண்ணன். புது பேட்டரி போடச் சொல்கிறார் கடைக்காரர். இராத்திரியில் கம்பளிக்குள் சுற்றி வைக்கலாமா, மழைக்காலத்தில் ஐந்தாறு மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போனால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்: பேட்டரியைக் கெடுப்பது நம் மலைக் குளிரா, அதை நாம் வைத்திருக்கும் விதமா?

நான் மின்னணுவியல் படித்தவன். கொடைக்கானலில் பல ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கணினியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் சொல்லக்கூடியது எது, பார்த்தால்தான் தெரியும் என்பது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் உறுதியானது. இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. குளிர்ந்தால் அதற்குள் இருக்கும் திரவத்தில் அயனிகள் நகர்வது மந்தமாகிறது, உள்தடை கூடுகிறது. மின்னூட்டம் எங்கும் போய்விடுவதில்லை. மார்கழிக் காலையில் புட்டியில் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெய் போல, உள்ளே இருந்தும் கேட்ட வேகத்தில் வெளியே வர மறுக்கிறது. கணினி திடீரென்று அதிக மின்னோட்டம் இழுக்கும் நொடியில் செல்லின் மின்னழுத்தம் சரிகிறது. முழுதாக ஏறிய செல் வழக்கமாக 4.2 வோல்ட்டில் இருக்கும். அது சுமார் 3 வோல்ட்டை நெருங்கினால் பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். திரையில் தெரியும் சதவீதம் கணக்குப்போட்டுச் சொல்லப்படும் மதிப்பீடு. துண்டிக்கும் சுற்று அந்த மதிப்பீட்டைப் பார்ப்பதில்லை, மின்னழுத்தத்தைத்தான் பார்க்கிறது. அதனால்தான் 30 என்று காட்டிக்கொண்டே அணைகிறது. வெயில் ஏறி அறை சூடானதும் தடை குறைகிறது, மீதி மின்னூட்டம் திரும்பக் கிடைக்கிறது. குளிரால் வந்த இந்தக் குறை தற்காலிகமானது.

ஆனால் புதிய பேட்டரியும் இதே அறையில், இதே குளிரில்தான் இருக்கும். அது இப்படி 30-லேயே அணைவதில்லை. பேட்டரி வயதாக வயதாக அதன் உள்தடை நிரந்தரமாகக் கூடிக்கொண்டே போகும். வயது ஏற்றிய தடையும் குளிர் ஏற்றிய தடையும் சேரும்போதுதான் இந்த வீழ்ச்சி வருகிறது. ஆகவே கடைக்காரர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு: உங்கள் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. மாற்றியே ஆக வேண்டுமா என்பது தனிக் கேள்வி. அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

விண்டோஸ் கணினி என்றால் கட்டளைத் திரையை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, பவர்சிஎஃப்ஜி (powercfg) என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஒரே சொல்லாகத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, அதை ஒட்டியே பேட்டரிரிப்போர்ட் (batteryreport) என்பதையும் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். ஓர் அறிக்கை உருவாகி, எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று அங்கேயே காட்டும். அதைத் திறந்தால் இரண்டு எண்கள் இருக்கும்: தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏற்றினால் நிற்கும் கொள்ளளவு. இரண்டாவது எண் முதலாவதில் முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் நான் பேட்டரியை மாற்றச் சொல்லமாட்டேன். குளிர்காலத்தை வேறு வழியில் சமாளிக்கலாம். 60 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் மாற்றுவதே நல்லது. இந்த எல்லைகள் என் அனுபவத்தில் நான் வைத்திருப்பவை, விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள். நல்ல வெயில் நேரத்திலும் 35-லிருந்து ஒரே தாவலில் 5-க்கு விழுகிறது என்றால், உள்ளே தொடராக இணைத்திருக்கும் செல்களில் ஒன்று மற்றவற்றைவிட நலிந்திருக்கலாம். அப்போது அறிக்கையில் எண் நன்றாக இருந்தாலும் அந்த பேட்டரியை நம்ப முடியாது. நீங்கள் மதியத்தில் ஒழுங்காக ஓடுகிறது என்று எழுதியிருப்பதால், உங்களுக்கு அந்த நிலை வரவில்லை என்றே நினைக்கிறேன்.

அண்ணன் சொல்லும் யோசனை பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்காலத்து வழக்கம். லித்தியம் அயனி பேட்டரி 1991-ல் சந்தைக்கு வந்தது. அதற்கு அந்தப் பழக்கம் தேவையில்லை என்பதோடு, அடிக்கடி அடிவரை இறக்கினால் தேய்மானமும் கூடும். 20-க்குக் கீழே போகவிடாமல் செருகிவிடுவதே நல்லது. எப்போதாவது ஒருமுறை முழுதாக ஏற்றி, முழுதாக இறக்கி, மறுபடி ஏற்றினால் சதவீதம் காட்டும் கணக்கு சரிப்படும். அது அளவுகோலைத் திருத்தும் வேலை, பேட்டரிக்கு மருந்து இல்லை. அதற்கும் எவ்வளவு நாளைக்கு ஒருமுறை என்பதில் தயாரிப்பாளர்களே ஒருமித்துச் சொல்வதில்லை. காட்டும் சதவீதம் வெயில் நேரத்திலும் தாறுமாறாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

இப்போது பேட்டரியை உண்மையில் தின்பது எது என்று பார்ப்போம். வெப்பமும், நிரம்பிய நிலையிலேயே நிற்பதும். இரண்டும் சேர்ந்தால் கேடு பெருகும். எப்போதும் செருகியிருந்தால் அளவுக்கு மீறி ஏறிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது நடப்பதில்லை, நிரம்பியதும் சுற்று நிறுத்திவிடும். ஆனால் 100-லேயே மாதக்கணக்கில் நிற்கும் செல்லுக்குள் மின்முனைகளுக்கும் திரவத்துக்கும் இடையே வேண்டாத வேதிவினைகள் மெல்ல நடந்துகொண்டே இருக்கும். பேட்டரித் துறையில் பரவலாக எடுத்தாளப்படும் ஒரு கணக்கு உண்டு: 25 டிகிரியில் முழு மின்னூட்டத்தோடு ஓராண்டு சும்மா வைத்திருந்தால் கொள்ளளவில் ஏறத்தாழ 20 சதவீதம் போகும்; அதே வெப்பநிலையில் 40 சதவீத மின்னூட்டத்தோடு வைத்திருந்தால் 4 சதவீதம்தான் போகும்; 40 டிகிரியில் முழு மின்னூட்டத்தோடு இருந்தால் 35 சதவீதம் வரை போகும். செல்லின் வேதிச் சேர்க்கையைப் பொறுத்து இந்த எண்கள் மாறும், உங்கள் பேட்டரிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். எந்தத் திசையில் போகும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

இந்தக் கணக்கின்படி பார்த்தால் நம் மலை பேட்டரிக்கு நல்ல ஊர். சும்மா வைத்திருக்கும் பேட்டரி, கோடையில் 38, 40 டிகிரி போகும் மதுரையில் இருப்பதைவிட பூம்பாறையில் நீண்ட நாள் வாழும். ஆனால் குளிர் ஊரில் நாம் கணினியைச் சூடான இடமாகப் பார்த்துத்தான் வைக்கிறோம். மடியில் ரஜாயைப் போர்த்தி அதன்மேல் கணினியை வைத்தால் அடிப்பக்கத்துக் காற்றுத்துளைகள் அடைபடும். அறை 12 டிகிரியில் இருந்தாலும், கணினிக்குள் செயலியை (பிராசசரை) ஒட்டியிருக்கும் பேட்டரி 40-ஐத் தாண்டிவிடலாம். ஹீட்டர் பக்கத்திலும் கணப்பு பக்கத்திலும் வைப்பது அதைவிட மோசம். என் மேசைக்கு வந்த தேய்ந்த பேட்டரிகளில் பெரும்பாலானவை கட்டிலில், போர்வைமேல், சார்ஜர் செருகிய நிலையில் வேலை செய்தவர்களுடையவை. அதற்கு அடுத்தது, கீழே இறங்கும்போது வத்தலக்குண்டிலோ மதுரையிலோ வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போவது. மூடிய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதும் கொஞ்சம் உண்மைதான். 2000 மீட்டரில் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அந்த அளவுக்கு விசிறியும் குறைவான வெப்பத்தையே வெளியேற்றும். நம் குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது. துளைகள் திறந்திருந்தால் போதும். ஒரு பலகை, ஒரு மேசை, அவ்வளவுதான் தேவை.

இராத்திரியில் கம்பளியில் சுற்றலாமா என்றால், அணைத்துவிட்ட கணினியைத் தாராளமாகச் சுற்றலாம். சிமென்ட் தரையிலும் சன்னல் ஓரத்திலும் வைக்காமல், பையில் போட்டு அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்தால் காலையில் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியையும், ஸ்லீப்பில் விட்ட கணினியையும் சுற்றக் கூடாது. வெந்நீர்ப் பையும் முடி உலர்த்தியும் வேண்டவே வேண்டாம்.

குளிர்காலக் காலைகளுக்கு நான் சொல்லும் வழி இது. மின்சாரம் இருக்கும்போதே கணினியைச் சார்ஜரில் வைத்து இருபது, முப்பது நிமிடம் வேலை பாருங்கள். அதன் சொந்தச் சூடே பேட்டரியைத் தயார்படுத்திவிடும். விண்டோஸின் மேம்பட்ட மின் அமைப்புகளில், பேட்டரி மிகவும் இறங்கிவிட்டது என்று கருதும் அளவு பெரும்பாலும் 5 சதவீதத்தில் இருக்கும். குளிர் மாதங்களில் அதை 35 என்று வைத்து, அந்த அளவு வந்ததும் ஹைபர்னேட் ஆகும்படி அமையுங்கள். பட்டென்று அணைந்து கணக்கு அழிவதற்கு முன்னால் கணினி தானே எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டு படுத்துவிடும். கூடவே பேட்டரி சேமிப்பு முறையை எப்போதும் போட்டுவையுங்கள். செயலி திடீரென்று வேகமெடுக்கும்போது இழுக்கும் மின்னோட்டம்தான் குளிர்ந்த பேட்டரியைக் கவிழ்க்கிறது. சேமிப்பு முறை அந்த வேகத்தை அடக்கும். உங்கள் புகாருக்கு இந்த மாற்றங்களே போதுமானதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உறைபனி விழும் நாளில் ஏற்றுவது பற்றி ஓர் எச்சரிக்கை. பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியம் அயனி பேட்டரியை ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே மின்முனைமேல் படிந்துவிடும். அந்தக் கேடு திரும்பாது, ஆபத்தும்கூட. நல்ல கணினிகள் அந்தக் குளிரில் ஏற்ற மறுக்கும். 10 டிகிரிக்குக் கீழே பல கணினிகள் மெதுவாகவே ஏற்றும். செருகியும் ஏறவில்லை என்று காட்டினால் பழுது என்று ஓடிவராதீர்கள், அறை சூடாகட்டும். பைக்கில் குளிரில் கொண்டுவந்த கணினியைச் சூடான அறையில் உடனே திறந்தாலும் உள்ளே ஈரம் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரமாவது விட்டு, பிறகு திறங்கள். மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துபோகும் நம் ஊரில், சர்க்யூட் பலகைகள் பச்சைப் பூத்து வருவதற்கு இந்த ஈரமே காரணம்.

இனி மின்தடை. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். மரம் ஒன்று கம்பிமேல் சாய்ந்தால் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் மலையைக் கடந்தபோது பட்ட பாட்டை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். பேட்டரியை எப்போதும் 80 சதவீதத்தோடு நிறுத்திவையுங்கள் என்று சமவெளியில் இருப்பவர்கள் எழுதும் அறிவுரை சரியானதே. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கணினியோடு தரும் மென்பொருளிலோ, கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸிலோ அந்த வசதி இருக்கிறது. உங்களைப் போல் நாள் முழுக்கச் செருகியே வைப்பவர்கள் அதை இன்றே போட வேண்டும். ஆனால் நம் மலையில் அதை ஆண்டு முழுவதும் பிடித்துக்கொண்டிருப்பது விவேகமல்ல. மாசி முதல் புரட்டாசி வரை 80-ல் வையுங்கள். சித்திரை, வைகாசியில் இடி மழைக்கான அறிகுறி தெரிந்தாலும், ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டாலும் 100-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். குளிர்ந்த அறையில் சில வாரம் நிரம்பி நிற்பதால் வரும் தேய்மானம் சிறியது. வேலை நின்றுபோவது அதைவிடப் பெரிய நட்டம்.

எவ்வளவு நேரம் ஓடும் என்பது எளிய கணக்கு. பேட்டரியில் நிற்கும் வாட் மணியை, கணினி இழுக்கும் வாட்டால் வகுத்தால் மணிநேரம் வரும். உங்கள் பேட்டரியில் இப்போது 36 வாட் மணி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குத் தாளைத் திறந்து வேலை பார்க்கும்போது கணினி 9 வாட் இழுத்தால் நான்கு மணி நேரம். காணொலி அழைப்பில் 18 வாட் இழுத்தால் இரண்டே மணி நேரம். இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. மின்சாரம் போனதும் இணையத்துக்காகக் கைபேசியைக் கம்பி வழியாகக் கணினியில் இணைக்கிறார்கள். அந்தக் கம்பி இணையத்தைக் கொண்டுவரும்போதே கைபேசிக்கு மின்சாரத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கும். சாதாரண யுஎஸ்பி துளை 2.5 வாட் வரை கொடுக்கும். 9 வாட் 11.5 வாட் ஆகிறது, நான்கு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் குறைகிறது. புதிய துளைகள் இன்னும் கூடுதலாகக் கொடுக்கும். வைஃபை ஹாட்ஸ்பாட்டாக இணைத்து, கைபேசியைத் தனியாக ஒரு பவர் பேங்கில் செருகுங்கள். கோபுரத்தின் சைகை மெலிந்த வீடுகளில் கைபேசியே அதிகம் தின்னும் என்பதால், சைகை நன்றாகக் கிடைக்கும் சன்னலில் அதை வையுங்கள்.

திரை வெளிச்சம்தான் அடுத்த பெரிய செலவு. மூடுபனி நாளில் அறையே மங்கலாக இருப்பதால் பாதிக்கும் கீழே குறைத்தாலும் கண் பழகிவிடும். திரை 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் என்றால் 60-க்கு இறக்குங்கள். விசைப்பலகை விளக்கை அணையுங்கள். காணொலி அழைப்பில் உங்கள் படத்தை நிறுத்திக் குரல் மட்டும் வையுங்கள். திரையைக் கறுப்பு நிறத்துக்கு மாற்றினால் மிச்சமாகும் என்பது ஓஎல்இடி திரைகளுக்கு மட்டுமே பொருந்தும். சாதாரண எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும். இடைவேளையில் மூடியை மூடிவிட்டுப் போவதும் கவனிக்க வேண்டியதே. இன்றைய விண்டோஸ் கணினிகள் பல, ஸ்லீப்பில் இருந்தபடியே இணையத்தோடு பேசிக்கொண்டிருக்கும். மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றிவிடுங்கள்.

ஆறு மணி நேரம் கட்டாயம் வேண்டும் என்றால் பவர் பேங்க் வாங்குவது நல்லது. கணினியில் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏற்றும் வசதி இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். டைப்-சி துளை இருப்பதாலேயே ஏறிவிடாது. 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கும் பவர் பேங்கில், 3.7 வோல்ட்டால் பெருக்கினால், 74 வாட் மணி இருக்கிறது. வழி இழப்பு போக 60 வாட் மணி போலக் கணினிக்குக் கிடைக்கும். 9 வாட் வேலைக்கு அது மேலும் ஆறு மணி நேரத்துக்கு மேல். 45 அல்லது 65 வாட் கொடுக்கக்கூடியதாகப் பாருங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதுவும் போதும், சைன் அலை (மின்வாரிய மின்சாரம் போலவே சீரான அலையாகக் கொடுக்கும்) இன்வெர்ட்டராக இருந்தால் அடாப்டர் சூடாகாமல் அமைதியாக ஓடும். அதன் ஈயஅமில பேட்டரியும் குளிரில் குறைத்தே கொடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மின்சாரம் போனவுடன் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, திரும்பி வந்து சில நிமிடம் கழித்துச் செருகுவது நம் பகுதிக்கு அவசியம். அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், குறைந்த மின்னழுத்தம் ஒன்றும் செய்யாது. திரும்பி வரும் நொடியில் எகிறும் மின்னழுத்தமும் இடியும்தான் அடாப்டரைக் கொல்கின்றன.

கடைசியாக, நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். டச்பேட் மேலெழும்பினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ, கணினி மேசைமேல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதே, அப்படித்தான் இதுவும் என்று சொல்லிச் சமாதானம் அடைபவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல செல்லுக்குள் உப்புவதற்கு வாயுவே கிடையாது. காற்றை உறிஞ்சிவிட்டுத்தான் மூடுகிறார்கள். உப்பியிருந்தால் உள்ளே திரவம் சிதைந்து வாயு உண்டாகிவிட்டது. உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள், குத்தாதீர்கள், அமுக்காதீர்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையிலும் சரிவிலும் போடவே கூடாது. கொடைக்கானலில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசத்தால் ஏற்கெனவே பட்ட மலை இது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. புதியது வாங்கும் இடத்திலேயே பழையதை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.

புதியது வாங்கும் நிலை வந்தால் பழைய பேட்டரியின் பாக எண்ணும் வோல்ட்டும் ஒத்துப்போகிறதா, இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 16046 பதிவுக் குறி இருக்கிறதா, தயாரித்த தேதி எது என்று பாருங்கள். பயன்படுத்தாமல் கடையில் கிடந்த பேட்டரிக்கும் வயதாகும். இப்போதைக்கு அந்த அறிக்கையை எடுத்து, இரண்டு கொள்ளளவு எண்களையும், காலையில் அணையும்போது அறை வெப்பநிலை சுமாராக என்ன என்பதையும் இங்கே எழுதுங்கள். மாற்ற வேண்டுமா, இந்தத் தையைத் தாண்டலாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.